தண்ணீருக்குத் தனியார் பணம்: கையெழுத்துப் போடவிருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எந்த நாட்டில், எந்த ஊர் மன்றத்தில் உட்கார்ந்திருந்தாலும், உங்கள் மேசைக்கு வரும் கோப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். குழாய்கள் பழசாகிவிட்டன என்று முதல் பக்கம் சொல்லும். கஜானாவில் பணம் இல்லை என்று இரண்டாம் பக்கம் சொல்லும். ஒரு நிறுவனமோ முதலீட்டு நிதியமோ பணம் போடத் தயாராக இருக்கிறது, 25 அல்லது 30 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டால் போதும் என்று மூன்றாம் பக்கம் சொல்லும். அதற்குப் பின்னால் நானூறு பக்கத்துக்கு இணைப்புகள். வாக்கெடுப்பு அடுத்த வாரம்.

அந்த இணைப்புகளை உட்கார்ந்து படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. கொஞ்சம் விசித்திரமான பொழுதுபோக்குதான், ஒத்துக்கொள்கிறேன். தனியார் என்றாலே கொள்ளை என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. அரசு என்றாலே தூக்கம் என்று சொல்லும் கூட்டத்திலும் இல்லை. ஆனால் இந்தக் கோப்புகள் எல்லாவற்றிலும் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. இன்றைக்குப் பணம் கொடுப்பவர் யார் என்ற கேள்வியும், கடைசியில் அந்தச் செலவைச் சுமப்பவர் யார் என்ற கேள்வியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

குடிநீருக்கு ஆகும் செலவு மூன்று பைகளில் ஒன்றிலிருந்துதான் வரும். ஒன்று, தண்ணீர் எடுப்பவர் கட்டும் கட்டணம். இரண்டு, வரிப்பணம். மூன்று, வெளியிலிருந்து வரும் நன்கொடை. நான்காவது பை கிடையாது. வங்கிக் கடன், கடன் பத்திரம், பங்கு முதலீடு எல்லாமே இந்த மூன்று பைகளில் நாளைக்கு வரப்போவதை இன்றைக்கே முன்பணமாகக் கொடுப்பவைதான். குழாய் 50 ஆண்டு உழைக்கும், அதற்கான செலவை ஒரே ஆண்டில் எடுத்துவைக்க முடியாது, ஆகவே முன்பணம் தேவை. இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் "தனியார் முதலீடு வருகிறது, இனி ஊருக்குச் செலவு இல்லை" என்று யாராவது மேடையில் பேசினால், எந்தப் பையிலிருந்து எடுக்கப்போகிறீர்கள் என்று அங்கேயே கேளுங்கள்.

முன்பணத்துக்கு ஒரு விலை உண்டு. கணக்கைப் போட்டுவிடலாம். 100 கோடி செலவில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டவேண்டும், 30 ஆண்டில் சமத் தவணையாக அடைக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அரசு உத்தரவாதத்தோடு 5 சதவீத வட்டியில் கடன் கிடைத்தால் ஆண்டுத் தவணை சுமார் 6.5 கோடி. தனியார் திட்டத்தில் வங்கி வட்டியும் முதலீட்டாளர் எதிர்பார்க்கும் லாபமும் சேர்ந்து சராசரி 10 சதவீதம் என்றால் தவணை 10.6 கோடி. கட்டடம் அதேதான், வரும் தண்ணீரும் அதேதான். இரண்டும் சமமாக வேண்டுமானால், நகராட்சி 100 கோடிக்குக் கட்டுவதைத் தனியார் 61 கோடியில் முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த அளவுக்கு மின்சாரத்திலும் பராமரிப்பிலும் மிச்சம் பிடித்துக் காட்டவேண்டும். நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. அரசு வேலைகள் இழுத்தடித்து இரட்டிப்புச் செலவில் முடிவதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? ஆனால் இந்த 39 சதவீதம் எங்கிருந்து மிச்சமாகப்போகிறது என்று கோப்பில் ஒரு பக்கமாவது இருக்கவேண்டும். நான் படித்தவற்றில் பெரும்பாலும் "தனியாரின் செயல்திறன்" என்ற ஒற்றைச் சொல்தான் அந்த இடத்தில் இருந்தது.

இதற்கு நிதி ஆலோசகர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். அரசுக்கு வட்டி குறைவாகக் கிடைப்பதற்குக் காரணம் ஆபத்தை வரி கட்டுபவர்கள் சுமப்பதுதான், தனியார் வாங்கும் கூடுதல் சதவீதம் அந்த ஆபத்தைத் தாங்கள் ஏற்றுக்கொள்வதற்கான கூலி என்பார்கள். நியாயமான வாதம். சரி, அப்படியானால் ஆபத்து உண்மையில் யார் தலையில் விழுந்திருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் 1997-இல் நகரை இரண்டாகப் பிரித்து இரண்டு நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். பழைய நீர் வாரியத்தின் வெளிநாட்டுக் கடனில் சுமார் 90 சதவீதம் மேற்குப் பகுதியை எடுத்த மேனிலாட் நிறுவனத்தின் தலையில் ஏறியது. ஒப்பந்தம் போட்ட சில மாதங்களுக்குள் ஆசிய நிதி நெருக்கடி. டாலருக்கு 26 பெசோவாக இருந்தது அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் 40-ஐத் தாண்டிவிட்டது. வசூல் பெசோவில், கடன் டாலரில். 2001-இல் அந்த நிறுவனம் அரசுக்குக் கட்டவேண்டிய ஒப்பந்தத் தொகையையே நிறுத்திக்கொண்டது. பிறகு கைமாறியது. அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸிலும் கிட்டத்தட்ட இதே கதை. 1993-இல் 30 ஆண்டு ஒப்பந்தம். நாணயம் கவிழ்ந்ததும் 2002-இல் அரசு கட்டணத்தை உறையவைத்தது. 2006-இல் ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. அத்தோடு முடியவில்லை. 2015-இல் சர்வதேச முதலீட்டுத் தீர்ப்பாயம் அர்ஜென்டினா சுமார் 40 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆபத்தை ஏற்றுக்கொண்டதற்கு கூலி வாங்கியவர்கள், ஆபத்து வந்தபோது நஷ்ட ஈடும் கேட்டார்கள்.

தண்ணீர்க் குழாயில் டாலர் வராது. ஆகவே வெளிநாட்டு நாணயத்தில் கடனோ, அந்த நாணயத்தோடு கட்டிப்போட்ட கட்டணமோ கோப்பில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது.

அடுத்தது, தண்ணீரை வாங்குவதற்கு ஆள் இருப்பாரா என்ற ஆபத்து. திருப்பூரில் இந்தியாவின் முதல் பெரிய தனியார் குடிநீர்த் திட்டம், ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் செலவில், நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் திறனோடு வந்தது. சாயப்பட்டறைகள் அதிக விலைக்கு வாங்கும், அந்த வருமானத்தில் வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் மலிவாகக் கொடுக்கலாம் என்பது திட்டம். தாளில் அழகாகத்தான் இருந்தது. 2011 ஜனவரியில், நொய்யல் ஆற்று மாசுபாட்டு வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் அங்கிருந்த சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதிக விலை கொடுக்கும் வாடிக்கையாளர் ஒரே நாளில் காணாமல் போனார். தண்ணீர் மிச்சமானது, கடன் தவணை மட்டும் அப்படியே இருந்தது. ஆற்றைக் கெடுக்கும் தொழிலின் வருமானத்தை நம்பி அதே ஆற்றுப் படுகைக்குத் தண்ணீர்த் திட்டம் போட்டதில் ஒரு முரண் இருந்தது. திட்டம் தீட்டியவர்களில் யாராவது அதைக் கவனித்தார்களா என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

உங்கள் கோப்பில் இந்த ஆபத்துக்கு விடையாக ஒரு ஷரத்து இருக்கும்: எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறைந்தபட்ச அளவுக்கு நகராட்சி பணம் கட்டவேண்டும். இணைப்புகளில் அதைத் தேடுங்கள். பெரும்பாலும் "கட்டண முறை" என்ற தலைப்பில், ஒரு சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும். அந்த ஷரத்து இருந்தால் ஆபத்து உங்களிடம்தான் இருக்கிறது. அப்புறம் எதற்கு 10 சதவீதம் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது.

இதைவிட அப்பட்டமாக எழுதப்பட்ட ஒப்பந்தமும் உண்டு. பொலிவியாவின் கோச்சபாம்பாவில் 1999-இல், ஒரே ஒரு நிறுவனக் குழு மட்டுமே கேட்ட டெண்டரில், 40 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. குறைந்தது 15 சதவீத வருமானம் அதில் உறுதி செய்யப்பட்டிருந்தது. மிசிகூனி அணை வேலைகளுக்கும் பழைய வாரியத்தின் கடனுக்கும் சேர்த்து, புதுத் தண்ணீர் ஒரு சொட்டு வருவதற்கு முன்பே கட்டணத்தை ஏற்றினார்கள். 2000 ஏப்ரலில், தெருவில் ரத்தம் சிந்திய பிறகு, ஒப்பந்தம் ரத்தானது. இந்தக் கதையை எல்லோரும் "மக்கள் போராட்டம்" என்று நினைவு வைத்திருக்கிறார்கள், சரிதான். எனக்கு நினைவில் நிற்பது அந்த 15 சதவீதம். வருமானம் உறுதி என்றால் அதற்குப் பெயர் முதலீடு அல்ல, கடன். கடனுக்கு 15 சதவீதம் என்பது கந்துவட்டிக்குப் பக்கத்து வீடு.

இங்கிலாந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஏனென்றால் அங்கே நாணயம் கவிழவில்லை, கலவரம் நடக்கவில்லை, ஒழுங்குமுறை ஆணையம் முதல் நாளிலிருந்தே இருந்தது. 1989-இல் இங்கிலாந்து, வேல்ஸின் பத்து நீர் ஆணையங்களையும் பங்குச் சந்தையில் விற்றார்கள். விற்பதற்கு முன் அவற்றின் கடன் சுமார் 500 கோடி பவுண்டை அரசே தள்ளுபடி செய்தது. போதாததற்குக் கையில் 150 கோடி பவுண்டுக்கு மேல் சீதனமும் கொடுத்து அனுப்பியது. 'பச்சைச் சீதனம்' என்றே அதற்குப் பெயர், நான் வைத்தது இல்லை. ஆகக் கடன் இல்லாமல் புகுந்த வீட்டுக்குப் போன நிறுவனங்கள். இன்றைக்கு அவற்றின் மொத்தக் கடன் 6,000 கோடி பவுண்டுக்கு மேல்.

முதலீடு செய்யவில்லை என்று சொல்லமுடியாது, நிறையவே செய்தார்கள். குடிநீரின் தரமும் உயர்ந்தது. ஆனால் பங்குதாரர்கள் புதுப்பணம் போட்டு அது நடந்திருந்தால் கடன் இப்படி ஏறியிருக்காது. லண்டனுக்குத் தண்ணீர் கொடுக்கும் தேம்ஸ் வாட்டர் நிறுவனத்தைப் பாருங்கள். 2006-இல் மக்குவாரி என்ற ஆஸ்திரேலிய நிதி நிறுவனத்தின் தலைமையிலான முதலீட்டாளர்கள் வாங்கியபோது அதன் கடன் சுமார் 340 கோடி பவுண்டு. 2017-இல் அவர்கள் விற்றுவிட்டு வெளியேறியபோது 1,000 கோடியைத் தாண்டியிருந்தது. இடையில் லாபப் பங்கு தவறாமல் போய்க்கொண்டிருந்தது. 2025 பிப்ரவரியில் அதே நிறுவனம் மூழ்காமலிருக்க 300 கோடி பவுண்டு வரை அவசரக் கடன் வாங்க நீதிமன்றம் அனுமதித்தது. வட்டி 9.75 சதவீதம். அந்த மே மாதத்தில் கழிவுநீர்க் குளறுபடிக்கும் லாபப் பங்கு விதி மீறலுக்கும் சேர்த்து 12 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம். இந்த அளவு கடனை ஏற்றிய கூட்டம் போய்விட்டது. அடைக்கும் பொறுப்பு மட்டும் லண்டனில் குழாய் திறப்பவர்களோடு தங்கிவிட்டது.

அதே நாட்டில், அதே சட்டத்தின் கீழ், வேல்ஸில் வேறொன்று நடந்தது. அங்கே நீர் நிறுவனத்தை 2001-இல் கிளாஸ் கம்ரி என்ற அமைப்பு வாங்கியது. அதற்குப் பங்குதாரர்களே கிடையாது. வாங்கிய பணம் முழுவதும் தனியார் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களிலிருந்து வந்தது. மிஞ்சும் பணம் திரும்ப நிறுவனத்துக்குள்ளேயே போகும். தவறே செய்யாத அமைப்பு என்று நான் சொல்லவில்லை, ஆறுகளில் கழிவுநீர் விட்ட புகார் அவர்கள் மேலும் உண்டு. ஆனால் தனியாரின் பணத்தை எடுத்துக்கொள்ளலாம், அதற்காக நிறுவனத்தையே தூக்கிக் கொடுக்கவேண்டியதில்லை என்பதற்கு இது சாட்சி. நெதர்லாந்தில் நீர் வாரியங்கள் சேர்ந்து 1954-இலேயே தங்களுக்கென்று ஒரு வங்கி வைத்துக்கொண்டன. அது சந்தையில் குறைந்த வட்டிக்கு வாங்கி வாரியங்களுக்குக் கொடுக்கிறது. பணக்கார நாடுகளுக்குத்தான் இதெல்லாம் என்பீர்கள். அகமதாபாத் மாநகராட்சி 1998-இல், மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமலே, 100 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டு, தண்ணீர், கழிவுநீர் வேலைகளுக்குப் பணம் திரட்டியது. தமிழ்நாட்டில் தனியாகச் சந்தைக்குப் போகமுடியாத சிறு உள்ளாட்சிகள் 2003 வாக்கில் ஒன்றுசேர்ந்து ஒரே பத்திரமாக 30 கோடி ரூபாய் வாங்கின.

இந்த வழிகள் உங்கள் கோப்பில் ஏன் இல்லை? அதைத் தயாரித்த ஆலோசகருக்கு அதில் கட்டணம் குறைவு என்பது என் சந்தேகம். சந்தேகம் மட்டுமே.

இப்போது உங்கள் பக்கத்துக் கஷ்டத்துக்கும் வருகிறேன். கடன் பத்திரம் விற்க வேண்டுமானால் கணக்கு வழக்கு ஒழுங்காக இருக்கவேண்டும். வசூல் ஆகவேண்டும். அது இல்லாததால்தான் தனியாரைத் தேடிப் போகிறோம் என்று உங்களில் பலர் மனதுக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது. தனியார் வந்து நன்மை நடந்த இடங்களும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. அர்ஜென்டினாவில் 1990-களில் நீர்விநியோகம் தனியாரிடம் போன நகராட்சிகளில் குழந்தை இறப்பு சுமார் 8 சதவீதம் குறைந்தது, மிக ஏழைப் பகுதிகளில் 26 சதவீதம் குறைந்தது என்று மூன்று பொருளியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குழாய் போகாத தெருவுக்குக் குழாய் போனால் குழந்தைகள் பிழைக்கிறார்கள். அதை யார் போட்டார்கள் என்று தண்ணீர் கேட்பதில்லை. அரசு வாரியம் இருபது ஆண்டாகப் போடாத குழாயைத் தனியார் இரண்டு ஆண்டில் போட்டால், கொள்கை பேசி அந்தத் தெருக்காரர்களைச் சமாதானப்படுத்த முடியாது.

ஆனால் அங்கே வேலை செய்தது தனியாரின் பணமா, ஒழுங்கான நிர்வாகமா? இதைக் கேட்பதற்குக் கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னைவிட நல்ல இடம் கிடையாது. 1993-இல் அந்த நகரின் நீர் வாரியம் உற்பத்தி செய்த தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வராமல் போனது. கசிவிலும் திருட்டிலும் போனது, வாரிய ஊழியர்களே விற்றதும் உண்டு. அந்த ஆண்டு பொறுப்பேற்ற ஏக் சோன் சான் வாரியத்தைத் தனியாருக்குக் கொடுக்கவில்லை. எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். ஒரு ராணுவத் தளபதி மீட்டர் வைக்க விடாமல் துப்பாக்கியைத் தலையில் வைத்தபோது, திரும்பிப் போய் ஆயுதப் படையைக் கூட்டிக்கொண்டு வந்து இணைப்பைத் துண்டித்தார். ஏழை வீடுகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை கொடுத்தார். பணம் பெரும்பாலும் நன்கொடையாகவும் வளர்ச்சி வங்கிகளின் குறைந்த வட்டிக் கடனாகவும் வந்தது. வீணாகும் தண்ணீர் சுமார் 6 சதவீதத்துக்கு இறங்கியது. பணக்கார நகரங்கள் பலவற்றால் முடியாத எண் அது. இதெல்லாம் முடிந்த பிறகு, 2012-இல்தான், வாரியம் தன் பங்குகளில் 15 சதவீதத்தை நாட்டின் பங்குச் சந்தையில் விற்றது. வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டு விருந்தாளியைக் கூப்பிட்டார்கள். நம்மில் பலர் விருந்தாளி வந்து பெருக்கட்டும் என்று காத்திருக்கிறோம்.

கசிவு பிடிப்பது என்றால் என்ன என்று பார்த்திருக்கிறீர்களா? நேரம் இரவு இரண்டு மணி. ஊரே தூங்குகிறது, யாரும் குழாய் திறப்பதில்லை. அந்த நேரத்தில் ஒரு பகுதிக்குள் போகும் குழாயின் மீட்டர் சுற்றிக்கொண்டே இருந்தால், அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம். ஒருவர் இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வின் மேல் வைத்து, மறுமுனையைக் காதில் ஒட்டி நிற்பார். ஓட்டை இருந்தால் சன்னமாக ஒரு சீறல் கேட்கும். அடுத்த வால்வுக்கு நடப்பார், அங்கே சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று கேட்பார். இப்படி மூன்று நான்கு இடம் கேட்டுவிட்டு, சாக்பீஸால் சாலையில் ஒரு வட்டம் போடுவார். காலையில் அங்கே தோண்டினால் போதும். இந்த வேலைக்கு 30 ஆண்டு ஒப்பந்தம் தேவையில்லை. சம்பளமும், ஒழுங்கான மீட்டரும், சொன்ன இடத்தில் மறுநாளே தோண்டுவதற்கு ஓர் ஆளும் போதும். உற்பத்தியில் பாதி மண்ணுக்குள் போகிற ஊரில் புதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு முதலீட்டாளரைத் தேடுவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய கிணறு வெட்டுவதுபோல. ஆனால் சாக்பீஸ் வட்டத்துக்குத் திறப்பு விழா நடத்த முடியாது என்பது எனக்கும் தெரியும்.

நிர்வாகம்தான் பிரச்சினை என்றால் நிர்வாகத்துக்கு மட்டும் ஆள் வையுங்கள். ஐந்து ஆண்டு சேவை ஒப்பந்தம், கசிவைக் குறைத்த அளவுக்குக் கூலி, குறைக்காவிட்டால் பிடித்தம். பணம்தான் பிரச்சினை என்றால் பணத்தை மட்டும் மலிவான இடத்தில் வாங்குங்கள். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும்போதுதான் எதற்கு எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்பது மறைந்துபோகிறது.

எல்லாம் யோசித்த பிறகும் தனியார் முதலீடுதான் வழி என்று நீங்கள் முடிவெடுக்கலாம். அது உங்கள் உரிமை. அப்படியானால் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முறித்தால் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்ற பக்கத்தை முதலில் படியுங்கள், கடைசியில் அல்ல. கட்டுமானம் முடிந்த பிறகு நிறுவனம் பழைய கடனை அடைத்துவிட்டுக் குறைந்த வட்டியில் புதுக்கடன் வாங்கும். அந்த மிச்சத்தில் ஊருக்குப் பங்கு உண்டா என்று பாருங்கள். எவ்வளவு கடன் ஏற்றலாம், எப்போது லாபப் பங்கு எடுக்கக்கூடாது என்று உச்சவரம்பு போடுங்கள். இங்கிலாந்தில் அதைத்தான் முப்பது ஆண்டு தாமதமாக இறுக்கினார்கள்.

கடைசியாக, ரகசியம். பெர்லின் நகரம் 1999-இல் தன் நீர் நிறுவனத்தின் 49.9 சதவீதத்தை ஒரு தனியார் நிறுவனக் கூட்டணிக்கு விற்றது. லாபத்துக்கு உறுதி கொடுத்த ஒப்பந்தங்கள் பல ஆண்டுகள் பூட்டிவைக்கப்பட்டன. மக்கள் கையெழுத்து திரட்டி, 2011 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தி, ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் 'வெளியிடு' என்று வாக்களித்தார்கள். 2013-க்குள் நகரம் அந்தப் பங்குகளைத் தன் பணத்தில் திரும்ப வாங்கியது. அதாவது விற்கும்போது யாருக்கும் காட்டாத தாளுக்கு, திரும்ப வாங்கும்போது எல்லோரும் விலை கொடுத்தார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. வாக்கெடுப்பை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அந்த நானூறு பக்கத்தையும், கட்டணத்தைக் கணக்கிட்ட எக்ஸெல் கோப்பையும், பூட்டு எதுவும் போடாமல், எங்கள் பார்வைக்கு வையுங்கள். எக்ஸெல் கோப்பு முக்கியம். தேவை ஆண்டுக்கு 5 சதவீதம் கூடும் என்று எழுதியிருக்கும் கட்டத்தில் 2 என்று மாற்றிப் போட்டால் பத்தாவது ஆண்டின் கட்டணம் என்னவாகிறது என்று நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தண்ணீர்க் கட்டணம் தவறாமல் கட்டும் ஒருவர்